செய்தவன் சாட்சியம்

‘கிண்ணம் உடைந்தது’ என்பதற்கும் ‘கிண்ணத்தை உடைத்தேன்’ என்பதற்கும் இடையே வினைச்சொல்லளவில் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. மெல்லெழுத்து ஒன்று நின்ற இடத்தில் வல்லெழுத்து ஒன்று வந்து நிற்கிறது, அவ்வளவே. அசைந்தது – அசைத்தேன், சாய்ந்தது – சாய்த்தேன், வளைந்தது – வளைத்தேன் என இத்தகைய இணைகள் தமிழிற் பல. இலக்கண நூலார் இவற்றை வகைப்படுத்தி விதி கூறுவதோடு அமைந்துவிடுவர். ஆனால் இச்சிறு எழுத்து மாற்றத்தினுள்ளே ஒருவனுடைய குற்றமும் குற்றமின்மையும் தங்கியிருப்பதை வழக்குமன்றம் ஏறியோர் மட்டுமன்றி வீட்டிலுள்ள சிறுவரும் அறிவர். கிண்ணத்தைக் கைதவறவிட்ட சிறுவன் எவரும் கற்பியாமலே ‘உடைந்துவிட்டது’ என்கிறான். தாய் ‘உடைத்துவிட்டாயே’ என்கிறாள். இருவரும் பேசுவது ஒரே நிகழ்ச்சியைப் பற்றித்தான்.

இவ்விரு வினைகளுக்கும் இடையிலுள்ள தூரம் யாது என்பது மெய்யியலில் தீராத வினாக்களுள் ஒன்று. என் கை உயர்வது வேறு, நான் என் கையை உயர்த்துவது வேறு எனில், இரண்டாவதில் மிகுதியாக உள்ளது எது? விற்கன்ஸ்ரைன் இதனைத் திருப்பித் திருப்பி ஆராய்ந்தவர். பொதுமக்களும் அவருக்கு முன்னிருந்த மெய்யியலாளர் பலரும் தந்த விடை எளியது. மிகுதியாக உள்ளது என் சித்தம். அது எனக்குள்ளே நிகழ்வதால் அதற்கு நானே நேர்ச்சாட்சி. எவ்வளவு வலிந்து அடித்தேன், என்ன கருதி அடித்தேன், அடிக்க எண்ணினேனா இல்லையா என்பவற்றை என்னினும் நன்கறிந்தவர் பிறர் இருத்தல் இயலாது. மனச்சாட்சி என்னும் சொல்லும் இந்நம்பிக்கைக்கு இடந்தருவதாகவே அமைந்துள்ளது. சாட்சி மனத்தினுள்ளே அமர்ந்திருக்கிறது என்றன்றோ அச்சொல் கூறுகிறது.

இச்சாட்சி எத்துணை நம்பத்தக்கது என்பதே இக்கட்டுரையின் வினா. சித்தம் சுயாதீனமானதா, அன்றேல் முன்னரே விதிக்கப்பட்டதா என்னும் பழைய வழக்கை நான் இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வழக்கு தீரினும் தீராவிடினும், செய்தவன் தன் செயலைப் பற்றிச் சொல்வதை எவ்வளவுக்கு ஏற்பது என்ற கேள்வி நாள்தோறும் நம் முன் நிற்கிறது. அதற்கு விடை தேடுவோர் உடற்றொழிலியலாரின் ஆய்வுகூடத்தினுள் சற்று நேரம் நின்று பார்த்தல் நன்று. அறவியல் கற்போர் அவ்வாசலைத் தாண்டுவது அரிது; அவர்களும் நம் மண்டபத்துக்கு வருவது அரிது. இரு தரப்பாருக்கும் இதனால் இழப்பே.

வலக்கைச் சுட்டுவிரலால் மேசையை அழுத்துவதாகக் கொள்வோம். மூளையின் இடப்பாதியில், மேற்பட்டையின் இயக்கப் பகுதியிலுள்ள நரம்புக்கலங்களிலிருந்து கணத்தாக்கங்கள் புறப்படுகின்றன. அக்கலங்களின் நீண்ட நார்களுட் பெரும்பாலானவை மூளை முண்ணாணோடு சேரும் இடத்தின் அண்மையில் மறுபக்கத்துக்குக் கடந்து, முண்ணாண் வழியே இறங்கி, கழுத்துப் பகுதியிலுள்ள இயக்க நரம்புக்கலங்களைச் சென்று தூண்டுகின்றன. அங்கிருந்து புறப்படும் நார் இடையில் எங்கும் நில்லாது தசை வரை செல்கிறது. ஆயினும் அது தசையைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ இருபதினாயிரத்தில் ஒரு பங்களவான இடைவெளி உண்டு. நார் முனையிலிருந்து அசற்றைல்கோலின் என்னும் பதார்த்தம் சுரந்து அவ்விடைவெளியைக் கடக்கிறது என்பதை ஹென்றி டேலும் அவருடன் உழைத்தோரும் 1936 இல் காட்டினர். அது சேர்ந்ததும் தசைநாரின் மேற்பரப்பெங்கும் மின்மாற்றம் பரவுகிறது. நாரினுள்ளேயுள்ள நுண்பைகளிலிருந்து கல்சியம் வெளிப்படுகிறது. மயோசின் இழைகளின் தலைகள் அக்ரின் இழைகளைப் பற்றி இழுக்கின்றன. இவ்விழைகள் தாம் குறுகுவதில்லை, ஒன்றையொன்று கடந்து வழுக்குவதாலேயே தசை குறுகுகிறது என்னும் கருத்து 1954 இல் ஒருங்கே வெளிவந்த இரு ஆய்வுரைகளால் முன்வைக்கப்பட்டது. கட்டளை மேற்பட்டையிலிருந்து கைத்தசையை அடைய ஏறத்தாழ 20 மில்லிசெக்கன் போதும்.

இந்நேரத்தை அளத்தல் கூடும் என்பதையே ஒரு காலத்தில் அறிஞர் நம்பவில்லை. ஜேர்மனிய உடற்றொழிலியலாளர் யோகான்னஸ் முல்லர் நரம்பின் வேகம் அளவுக்கு அகப்படாது எனக் கருதியிருந்தார். அவரிடம் கற்ற ஹெல்ம்ஹோல்ற்ஸ் 1850 இல் தவளையின் நரம்பைத் தசைக்கு அண்மையில் ஒரு முறையும் தொலைவில் ஒரு முறையும் தூண்டி, இரு நேரங்களின் வித்தியாசத்தைக் கொண்டு வேகத்தைக் கணித்தார். செக்கனுக்கு ஏறத்தாழ 27 மீற்றர். மனிதனின் கை நரம்புகளில் இது 50 முதல் 60 மீற்றர் வரை. ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டாலும் இது மிகக் குறைவு. எண்ணுதலும் செய்தலும் ஒரே கணத்தன என்ற எண்ணம் அன்றோடு போயிற்று. இரண்டுக்கும் இடையே ஒரு பாதை உண்டு. அதைக் கடக்க நேரம் வேண்டும். அப்பாதையில் நடப்பவை எவையும் செய்பவனுக்குத் தெரிவதில்லை.

தெரியாமை எவ்வளவு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். விரலை மடக்கும் முதன்மையான தசைகள் விரலில் இல்லை, முன்கையில் உள்ளன. உடற்கூறு கற்றோரன்றிப் பிறர் இதனை அறியார். அறியாமலே எல்லாரும் மடக்குகின்றனர். ஒரு தசை சுருங்கும்போது அதற்கு எதிரான தசையின் நரம்புக்கலங்கள் அடக்கப்படுகின்றன என்பதைப் பிரித்தானியரான ஷெரிங்ரன் விரிவாக ஆராய்ந்து நிறுவினார். இவ்வடக்கலின் பெருமை அது கெடும்போதுதான் புலப்படும். நம் காடுகளில் வளரும் எட்டி மரத்தின் கொட்டையிலுள்ள நஞ்சு முண்ணாணில் நிகழும் அடக்கலைத் தடுக்கிறது. ஏற்புவலியை உண்டாக்கும் கிருமியின் நஞ்சோ அடக்கும் பதார்த்தங்கள் சுரப்பதையே நிறுத்திவிடுகிறது. இரண்டிலும் எதிரெதிரான தசைகள் ஒருங்கே இறுகி, உடல் வில்லாக வளைகிறது. ஆகவே ஒரு விரல் அசைவதென்பது அந்த ஒன்றின் செயலன்று; அசையாதவாறு தடுத்து வைக்கப்பட்ட பலவற்றின் நடுவே ஒன்று விடப்படுகிறது. ‘நான் அசைத்தேன்’ என்று சொல்பவன் இவற்றுள் எதையும் சாட்சி கூற வல்லவனல்லன். அவன் அறிந்தது முடிவை மட்டுமே.

இதுவரை கூறியதைக் கேட்போர், ‘தசையும் நரம்பும் தெரியாவிட்டால் என்ன? அசைத்தேனா இல்லையா என்பதாவது எனக்குத் தெரியுமே’ எனலாம். நியாயமான தடை. ஆயின் அதுவும் எப்போதும் தெரிவதில்லை. வில்லியம் ஜேம்ஸ் 1890 இல் வெளியிட்ட உளவியல் நூலில், பிரெஞ்சு மருத்துவர் இலாண்டிரி கண்ட நோயாளி ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். அவருக்குக் கையில் உணர்ச்சி இல்லை, இயக்கம் உண்டு. கண்ணை மூடச்செய்து, கையைப் பிறர் பிடித்துக்கொண்டு, உயர்த்துமாறு கூறினர். உயர்த்தியாயிற்று என்றே அவர் கருதினார். கண்ணைத் திறந்தபோது கை இருந்த இடத்திலேயே இருப்பதைக் கண்டு வியப்புற்றார். பிரான்சில் நடந்து 2009 இல் வெளியான ஆய்வொன்று இதனினும் நுட்பமானது. மூளைக் கட்டி காரணமாக விழிப்பு நிலையிலேயே சத்திரசிகிச்சைக்கு உட்பட்டோரின் மூளையில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தப்பட்டது. சுவர்ப்புறப் பகுதியைத் தூண்டியபோது கையையோ காலையோ அசைக்கவேண்டும் என்னும் விருப்பம் அவர்களுக்கு எழுந்தது. மின்னோட்டத்தைக் கூட்டியபோது அசைத்துவிட்டதாகவே கூறினர். தசையில் எவ்வித மின்மாற்றமும் இருக்கவில்லை. இயக்கப் பகுதிக்கு முன்னுள்ள இடத்தைத் தூண்டியபோது கைகால்கள் உண்மையாகவே அசைந்தன. தாம் அசையவில்லை என அவர்கள் கூறினர். செய்யாததைச் செய்தேன் என்றும் செய்ததைச் செய்யவில்லை என்றும் சொன்ன இவர்களுள் எவரும் பொய் கூறினார் அல்லர்.

இங்கே பெஞ்சமின் லிபெற்றின் பெயரை எதிர்பார்ப்போர் இருப்பர். விரும்பிய வேளையில் கையை அசைக்குமாறு கூறி, விருப்பம் எழுந்த கணத்தைச் சுழலும் புள்ளியொன்றைக் கொண்டு குறிக்கச் செய்த அவருடைய 1983 ஆம் ஆண்டு ஆய்வு மெய்யியல் வகுப்புகளில் மிகுதியாகப் பேசப்படுவது. அசைவுக்கு ஏறத்தாழ 550 மில்லிசெக்கன் முன்னரே மூளையில் ஆயத்த மின்மாற்றம் தொடங்கிவிடுகிறது. விருப்பம் எழுந்ததாகச் சொல்லப்படும் கணமோ அசைவுக்கு 200 மில்லிசெக்கன் முன்னர்தான். ஆகவே சித்தம் ஒரு மாயை என்று சிலர் முடிவு கட்டினர். அம்முடிவு அவசரமானது. அவ்வாயத்த மாற்றம் தீர்மானத்தின் தொடக்கமன்று, மூளையில் எப்போதும் ஏறியிறங்கும் அலைவுகளைச் சராசரி காணும் முறையால் தோன்றும் உருவமாகவும் இருக்கலாம் என 2012 இல் ஷூர்கரும் பிறரும் காட்டினர். எனக்குப் படும் குறை வேறொன்று. விருப்பம் எப்போது எழுந்தது என்பதை லிபெற் யாரிடம் கேட்டார்? செய்தவனிடமே. செய்தவனின் சாட்சியத்தை ஐயுறுவதற்குச் செய்தவனின் சாட்சியத்தையே ஆதாரமாகக் கொண்ட ஆய்வின்மேல் நான் பெரிதாக எதையும் கட்டமாட்டேன்.

என் வினாவுக்கு நெருங்கியது மற்றொரு பரிசோதனை. அதனை விளங்கிக்கொள்ள ஒரு செய்தி முன்னர் வேண்டும். ஒரு கண்ணை மூடி, திறந்த கண்ணின் வெளி ஓரத்தை இமையின் மேலாக விரலால் மெல்ல அழுத்தினால் காணும் பொருள்கள் யாவும் இடம்பெயர்வதாகத் தோன்றும். ஆனால் கண் தானே திரும்பும்போது, அதே அளவு திரும்பினாலும், உலகம் அசைவதில்லை. காரணம் யாது? கண்ணைத் திருப்பும் கட்டளை தசைக்குச் செல்லும்போதே அதன் படியொன்று மூளையின் உணரும் பகுதிகளுக்கும் செல்கிறது என்பர். வரப்போவது இன்னதென முன்னறிந்த மூளை அதனைக் கழித்துவிட்டு எஞ்சியதையே உலகின் அசைவாகக் கொள்கிறது. இப்படிக்கு வொன் ஹோல்ஸ்ற், மிற்றெல்ஸ்ராற் ஆகியோர் 1950 இல் பெயரிட்டனர். நம்மை நாமே கூசச் செய்ய இயலாமைக்கும் இதுவே காரணம் எனப்படுகிறது. இலண்டனில் நடந்த ஆய்வுகளில், ஒருவர் தம் உள்ளங்கையைத் தாமே ஓர் இயந்திரத்தின் வழி வருடும்போது, கையசைவுக்கும் வருடலுக்கும் இடையே சிறிது தாமதம் புகுத்தப்பட்டது. தாமதம் கூடக் கூச்சமும் கூடிற்று. முன்னறிவிப்பு பிந்தியதும் தன் கை பிறர் கையாயிற்று.

இப்பொழுது அப்பரிசோதனைக்கு வருவோம். 2003 இல் ஷேர்கில், பேஸ், பிரித், வொல்பேட் என்னும் நால்வர் இலண்டனில் இதனைச் செய்தனர். இருவர் எதிரெதிரே அமர்ந்திருப்பர். ஒருவர் மற்றவரின் இடக்கைச் சுட்டுவிரலைச் சிறு நெம்புகோல் ஒன்றன் வழி அழுத்துவார். அழுத்தப்பட்டவருக்கு ஒரே ஒரு கட்டளை: உமக்குக் கிடைத்த அதே விசையை அவருக்குத் திருப்பிக் கொடும். முன்னவருக்கும் அதே கட்டளை. ஒருவருக்குச் சொல்லப்பட்டது மற்றவருக்குத் தெரியாது. பகை இல்லை, போட்டி இல்லை, பரிசு இல்லை. இருவரும் சொன்னபடியே செய்ய முயன்றோர். ஆயினும் விசை முறைக்கு முறை கூடிக்கொண்டே சென்றது. ஒவ்வொருவரும் பெற்றதைவிட மிகுதியாகக் கொடுத்தனர். கொடுத்தது சமமே என உணர்ந்தனர்.

ஆய்வாளர் இதன் காரணத்தையும் தேடினர். தனியொருவரின் விரலை இயந்திரம் ஒரு குறித்த விசையால் அழுத்தியது. அதே விசையை அவர் தம் மற்றக் கையின் விரலால், தம் விரல்மேலேயே உண்டாக்கவேண்டும். அவர் உண்டாக்கியது மிகையாகவே இருந்தது. அதே விசையை ஒரு கைப்பிடியை அசைத்து, இயந்திரத்தின் வழி உண்டாக்குமாறு கூறியபோது ஏறக்குறையச் சரியாகவே செய்தார். புறத்திலிருந்து வருவதை உணர்வதில் அவருக்குக் குறையில்லை. தானே நேராகச் செய்வதை உணர்வதிலேயே குறைவு. கட்டளையின் படி மூளையில் இருப்பதனால் தன் விரலின் விசை உணர்வில் தணிக்கப்படுகிறது. எதிரியின் விரலுக்கு அத்தகைய தணிப்பு இல்லை.

இவ்வாய்வை முதன்முதல் வாசித்தபோது நான் நினைத்தது பள்ளிக்கூட முற்றத்தில் அழுதபடி நிற்கும் இரு சிறுவரைத்தான். ‘அவன்தான் பலமாக அடித்தான்’ என இருவரும் சொல்வர். ஆசிரியர் இருவருள் ஒருவன் பொய்யன் என்று துணிந்து பொய்யனைத் தேடுவார். இருவரும் மெய்யே சொல்லியிருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றாது. நமது அறவுரைகள் பெரும்பாலும் அவ்வாசிரியரைப் போன்றவை. பொய்யைக் கண்டிக்க அவற்றுக்குத் தெரியும். உண்மையாகவே பிழைபட உணர்பவனை என்ன செய்வதென்று தெரியாது.

இங்கே எச்சரிக்கையும் வேண்டும். அளக்கப்பட்டது விரலின் தொடுகை. அதிலிருந்து ஊர்ச்சண்டைக்கும் நாட்டுப்போருக்கும் ஒரே தாவலிற் செல்வது விஞ்ஞானமாகாது. சொல்லாற் சுடுபவனுக்கு விரல்விசைக் கணக்குப் பொருந்துமென நிறுவியவர் எவருமில்லை. மேலும் இத்தணிப்பு ஒரு குறைபாடன்று. அதுவே ‘இது நான், இது பிறர்’ என்னும் பிரிவைத் தருவதில் ஒரு பங்கு உடையது. சித்தப்பிறழ்வு எனப்படும் நோயுடையோரை இதே முறையிற் சோதித்தபோது, அவர்களிடம் தணிப்புக் குறைவாக இருந்ததையும், அதனால் அவர்கள் ஏனையோரைவிடச் சரியாக விசையை ஒப்பிட்டதையும் ஷேர்கில் முதலானோர் 2005 இல் எடுத்துக்காட்டினர். அந்நோயிலேதான் தம் கையைப் பிறிதொரு சக்தி இயக்குவதாகச் சிலர் உணர்கின்றனர் என்பதையும் இதனோடு சேர்த்து நோக்குக. தன் விசையைச் சரியாக உணர்வதற்கு அவர்கள் கொடுக்கும் விலை சிறிதன்று. எனவே இதனைப் பயிற்சியால் களைந்துவிடலாம் என்றோ, களைவதே அறம் என்றோ நான் கூறவரவில்லை. நலமுள்ள மனிதன் தன் கையின் பாரத்தைக் குறைத்தே உணர்வான். அவ்வாறிருக்க, அவனையே தன் செயலுக்கு முதற்சாட்சியாக வைக்கும் அறவியல் எப்படி நிற்கும்?

நம் நாட்டுப் பழைய விவாதம் ஒன்று இவ்விடத்திற் கருதத்தக்கது. மனம், வாக்கு, காயம் என்னும் மூவகைச் செயலுள் எது பாரமானது என்பதில் சமணரும் பௌத்தரும் மாறுபட்டனர். மச்சிம நிகாயத்தின் உபாலி சுத்தத்தில் சமணர் தரப்பு உடற்செயலே பாரமானது என்கிறது. புத்தர் மனச்செயலே பாரமானது என்கிறார். கருதிச் செய்ததற்கும் கருதாது செய்ததற்கும் வேறுபாடு காண்பதில் புத்தர் பக்கமே நியாயம் மிகுதி எனலாம். ஆனால் கருத்தே பாரமானது என ஒப்பிய பின்னரும், அக்கருத்தை யார் எடுத்துரைப்பது என்ற வினா எஞ்சுகிறது. உடற்செயலைப் பிறர் காண்பர். மனச்செயலுக்குச் செய்தவன் ஒருவனே சாட்சி. கருத்தின் பாரத்தை உயர்த்துந்தோறும் அவன் சாட்சியத்தின் பாரமும் உயர்கிறது. சமணர் உடலை முன்வைத்ததன் பின்னே இவ்வச்சமும் இருந்திருக்குமோ என எண்ணத் தோன்றுகிறது. இது என் ஊகமே. சுத்தம் அவ்வாறு கூறவில்லை.

சட்டத்துறையினர் இச்சிக்கலை நம்மைவிடத் தெளிவாக எதிர்கொண்டுள்ளனர். மனத்தின் ஆட்சியின்றித் தசைகள் தாமாகச் செய்தது குற்றமாகாது என்பது ஆங்கிலச் சட்டத்தின் கொள்கை. இதனை 1958 இல் ஹில் எதிர் பக்ஸ்ரர் என்னும் வழக்கு சோதித்தது. நிறுத்தற் குறியைக் கவனியாது வாகனத்தைச் செலுத்தி மோதிய ஒருவர், தமக்கு ஒன்றும் நினைவில்லை என்றார். கீழ்மன்றம் அவரை விடுவித்தது. மேல்மன்றம் அதனை ஏற்கவில்லை. தேனீக்கூட்டம் தாக்கியதால் கைகால் தாமே அசைந்த சாரதியும், திடீரென வலிப்பு வந்த சாரதியும் வாகனத்தைச் செலுத்தினார் எனக் கூறமுடியாது. ஆனால் அத்தகைய நிலை நேர்ந்தது என்பதற்குச் செலுத்தியவரின் வெறும் வாய்ச்சொல் போதாது. தூங்கிவிட்டேன் என்பவரை, தூக்கம் வருவதை உணர்ந்தபோதே ஏன் நிறுத்தவில்லை எனக் கேட்கலாம். மோதிய கணத்தில் அவர் மனம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதில் நில்லாது, அதற்கு முன்னிருந்த அரைமணி நேரத்தையும் சட்டம் விசாரிக்கிறது. கணத்தைப் பற்றி அவர் மட்டுமே பேசமுடியும். அரைமணி நேரத்தைப் பற்றிப் பிறரும் பேசமுடியும்.

இவையனைத்தும் ஏட்டளவில் நின்றுவிடுவன அல்ல. நாம் வாழும் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். பகிடிவதைக்கு எதிராக 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வந்த பின்னும் அது ஒழியவில்லை என்பதை இவ்விதழை வாசிப்போருக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அதில் ஈடுபட்டோரிடம் பேசிப் பாருங்கள். ‘சும்மா பகிடிக்குச் செய்தது’, ‘மெதுவாகத்தான் தட்டினேன்’, ‘நாங்கள் பட்டதில் பாதிகூட இல்லை’ என்பர். இவற்றுள் மூன்றாவதே என்னை மிகவும் சிந்திக்க வைப்பது. பெற்ற அளவே கொடுக்குமாறு கூறப்பட்ட அவ்விருவரின் நிலையும் இதுவே. வேறுபாடு, இங்கே பெறுவது மேல் வகுப்பிலிருந்து, கொடுப்பது கீழ் வகுப்புக்கு. ஆண்டுக்காண்டு கைமாறும் இதில், ஒவ்வோர் அணியும் தான் கொடுத்தது பெற்றதிற் குறைவு என மனமார நம்புகிறது. விரலின் விசைத்தணிப்புப் பகிடிவதையை விளக்கிவிடும் எனக் கூறேன். அதற்கு அதிகாரமும் அச்சமும் கூட்டமனமும் காரணங்களாக உள்ளன. நான் கூறுவது இவ்வளவே: செய்தவனின் மனமார்ந்த சொல்லை நாம் ஆதாரமாக ஏற்றுக்கொள்கிறோம், அம்மனமார்ந்த தன்மை செயலின் அளவைப் பற்றி எதையும் நிறுவுவதில்லை. ‘அவன் நல்ல பையன், வேண்டுமென்று செய்திருக்கமாட்டான்’ எனப் பரிந்து பேசும் விரிவுரையாளரும், அவன் நல்ல பையன் என்பதை நிறுவுகிறாரேயன்றி, விழுந்த அடியின் பாரத்தை அளக்கவில்லை.

பரிசோதனையில் நாம் கண்ட மற்றொரு செய்தியை இங்கே நினைவுகூர்தல் தகும். புறத்திலிருந்து வந்த விசையை மனிதர் ஏறக்குறையச் சரியாகவே உணர்ந்தனர். அதாவது, கொடுத்ததைப் பற்றிய சாட்சியத்தைவிடப் பெற்றதைப் பற்றிய சாட்சியம் அங்கே நம்பத்தக்கதாயிருந்தது. விசாரணைகளில் நாம் இதனைத் தலைகீழாகக் கொள்கிறோம். அடிபட்டவன் மிகைப்படுத்துவான், அடித்தவன் நடந்ததைச் சொல்வான் என்பது பலருடைய முன்முடிவு. அடிபட்டவர் சொல்லும் யாவும் மெய்யாகிவிடும் என்பதன்று என் வாதம். அவரும் தவறலாம், பொய்யும் கூறலாம். அழுத்தத்தின் அளவு பற்றிய கேள்வியிலாயினும் முதலில் கேட்கப்படவேண்டியவர் அவரே என்கிறேன்.

மனுநீதிச் சோழன் கதையைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. அரசிளங்குமரனின் தேர்க்காலில் கன்று அகப்பட்டு இறந்தது. அது அவன் கருதிச் செய்ததன்று என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அமைச்சரும் கழுவாய் போதும் என்றனர். மன்னன் கொடுத்த தண்டனையை நான் நியாயப்படுத்தமாட்டேன். மைந்தன்மேல் தேரைச் செலுத்தியதால் எந்தக் கன்றுக்கும் நீதி கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அக்கதையில் என்னைக் கவர்வது தண்டனையன்று, வாயிலில் தொங்கிய மணி. மைந்தன் வந்து சொல்லி அரசன் அறியவில்லை. அமைச்சரும் முந்திக்கொண்டு சொல்லவில்லை. பேச்சறியாத தாய்ப்பசு வந்து மணியைக் கொம்பால் அசைத்தது. அதன் பின்னரே வழக்குத் தொடங்கிற்று. ஒரு பசுவின் கொம்புக்கு எட்டும் உயரத்தில் அந்த மணி கட்டப்பட்டிருந்தது. முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் முறைப்பாடு செய்யவேண்டுமாயின் இன்று எத்தனை கதவுகளைத் தட்டவேண்டும் என்பதையும், அக்கதவுகளுள் எத்தனையின் பின்னே அவனை அடித்தவனின் நண்பர் அமர்ந்திருக்கிறார் என்பதையும் நம் சங்கத்தினர் ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம்.